நெற்றிக்குக் கீழே இறங்காத மருமகள்

புனித ராயப்பர் துணை

கல்மண்டபம், ராயபுரம்
7-8-2003, வியாழக்கிழமை

மஸ்கட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மச்சான் ஃப்ரெடிக்கு,

உன் அக்கா புருஷன் செல்வநாதன் மனமார வாழ்த்தி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா பிலோமியும் இவ்விடம் சுகமே. அவள் முழங்கால் வலி எப்போதும் போல, என் முன்கோபமும் எப்போதும் போல. நீயும் ஜூடியும், பிறந்து இரண்டு மாதமாகும் உங்கள் மகள் ஆன்சியும் அவ்விடத்து வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த வீட்டில் சுகமில்லாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் கல்யாண லீவில் வந்தபோது நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். இதை ஈமெயிலிலேயே எழுதியிருக்கலாமே மாமா என்று நீ கேட்பாய். பேனாவுக்கு லைன் கட்டாவதில்லை, அதனால்தான்.

முதலில் போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து ஈமெயிலில் அனுப்பியிருக்கிறேன், பிலிம் கிடையாது, கழுவ முடியாது, கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும் என்றாய். நானும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து டயல் பண்ணினேன். மோடம் வழக்கம் போலக் கீய்ங் கர்ர்ர் என்று கத்தி ஓய்ந்தது. உன் கடிதத்தைத் திறந்தால் படம் மேலேயிருந்து கீழே, கடைக்காரன் ஷட்டரை இழுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் ஒரு ரோஸ் கலர் குல்லா. அப்புறம் கொஞ்சம் முடி. அப்புறம் நெற்றி. அடுப்படியில் இருந்த உன் அக்காவை நான் கூப்பிட்டேன், அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லைன் கட். படம் நெற்றியோடு நின்றுவிட்டது. உங்கள் சின்னம்மா சிலுவையம்மாள் அன்றைக்கு இங்கேதான் இருந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இது மெய்யாலுமே எங்கக்கா நெத்திடி. செத்துப்போன உங்கம்மாவ அப்டியே உரிச்சி வெச்சிக்கீது" என்று மூக்கைச் சிந்தினாள். "ஜூடி வீட்டில் யாருக்கும் நெற்றி கிடையாதா?" என்றேன் நான். உன் அக்கா இரண்டு பேரையும் முறைத்தாள். "நெத்திய வெச்சிகினு பங்கு பிரிக்கிறீங்களே, வேற வேல இல்ல? கொயந்த மூஞ்சி எங்கய்யா? நான் மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். மறுபடி டயல் பண்ணினேன். "அடுப்புல மீனு கீது, மூக்கு வந்தா கூப்புடு" என்று உள்ளே போனாள். மறுபடியும் குல்லா, முடி, நெற்றி, கட். எத்தனை தடவை பண்ணினாலும் என் மருமகள் நெற்றிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள்.

உன் அக்கா சும்மா இருப்பாளா? குழந்தையை முதல் தடவை பார்க்கும்போது பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட வேண்டும், அது நம் வழக்கம். வேளாங்கண்ணி எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு, கம்ப்யூட்டர் கண்ணாடி மேலேயே, ஆன்சியின் நெற்றிக்கு நேராகச் சிலுவை வரைந்தாள். கண்ணாடி சுரீரென்று விரலைக் கடித்தது. "ஐய, ஷாக்கடிக்குதுய்யா!" என்று கையை உதறினவள், "அத்தைய இப்பவே கிள்றா பாரு" என்று சிரித்தாள். அந்த எண்ணெய்ச் சிலுவை இன்றைக்கும் கண்ணாடி மேல் இருக்கிறது. துடைக்கப் போனால் கையை முறித்துவிடுவேன் என்கிறாள்.

இதற்குத்தான் நீ ஒரு யோசனை சொன்னாய். "மாமா, நான் இங்கருந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து இன்னா கோளாறுன்னு பாக்குறேன். நீங்க சும்மா குந்திகினு வேடிக்க பாருங்க." கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் என் வீட்டு மேஜை மேல் இருக்கிற டப்பாவுக்குள் எப்படி வருவான் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. இருந்தாலும் நீ சொன்னபடி, டோல்கேட்டில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிற உன் தோஸ்து வசீம் வந்து, அதற்கான சாமானைப் போட்டுக் கொடுத்தான். "வாசல் ரெடி நைனா. விலாசம் சொன்னா ஃப்ரெடி வந்து தட்டுவான்" என்றான். விலாசம் என்றால் தெருப் பெயர் இல்லையாம். இன்டர்நெட் சேர்ந்ததும் நம் கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் விழுமாம், நாலு துண்டாக, நடுவில் புள்ளி வைத்து. மூலையில் கண் சிமிட்டுகிற குட்டிப் பொம்மையைத் தட்டினால் அது தெரியும். அதை உனக்குச் சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது? அதை நீயும் யோசிக்கவில்லை, வசீமும் யோசிக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன் லைன். இன்டர்நெட் ஓடுகிறபோது போன் பேச முடியாது. போன் பேசலாம் என்று இன்டர்நெட்டை நிறுத்தினால் நம்பர் செத்துப்போகும். மறுபடி சேர்ந்தால் வேறு நம்பர். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. காலையில் நீ கடையில் போய் உட்கார்ந்து, நம் தெருமுனையில் ஜீனத் வைத்திருக்கிற எஸ்டிடி பூத்துக்குப் போன் போடுவாய். நான் இங்கே டயல் பண்ணி, விழுந்த நம்பரோடு அங்கே ஓடி வந்து உன்னிடம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நீ வீட்டுக்குப் போடுகிற போன்தான் இப்படி ஜீனத் கடைக்கு மாறியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

அந்த ஓட்டத்தை நீ பார்க்கவில்லையே மச்சான், பார்த்திருந்தால் மஸ்கட்டை விட்டு வந்திருப்பாய். ஹார்பர் கேட்டில் வாட்ச்மேனாக நின்று லாரி நம்பரை ஒரே பார்வையில் மனசில் பதித்தவன் நான், சீட்டில் எழுதிக்கொண்டு போவது எனக்குக் கேவலம். நம்பரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவேன். மீன் கூடைக்காரிகள் எல்லாரும் நான் ஏதோ நேர்ச்சைக்காகச் செபம் சொல்லிக்கொண்டு ஓடுகிறேன் என்று வழி விட்டார்கள். பூத்தில் ஜீனத் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, "ரவ மூச்சு வுடு நைனா, போன் எங்கியும் ஓடிப் பூடாது" என்பாள். நான் நம்பரைச் சொல்வேன். நீ தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த விலாசத்துல ஆளே இல்லியே" என்பாய். திரும்பி ஓடி வந்து பார்த்தால் லைன் கட்டாகியிருக்கும். மறுபடி டயல், மறுபடி புது நம்பர், மறுபடி ஓட்டம். முழங்கால் வலி உன் அக்காவிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

லைன் ஏன் கட்டாகிறது என்று தெரியாததால் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் பழி போட்டேன். ஆடிக் காற்று கடல் உப்பை அள்ளி வந்து ஒயரை அரிக்கிறது என்று வாசலிலிருந்து மேஜை வரைக்கும் டேப் சுற்றினேன். கன்டெய்னர் லாரி போனால் வீடே ஆடுகிறதே, மோடம் ஆடாதா என்று அதற்கு அடியில் உன் பழைய பனியனை மடித்து வைத்தேன். உன் அக்கா அடுப்படி வாசலில் நின்று, "இன்னா மெஷினோ, எப்பப் பாரு பேஜாரு" என்று எனக்காக உச்சுக்கொட்டினாள். அந்த உச்சுக்கொட்டலை நம்பினேன் பார், அங்கேதான் நான் ஏமாந்தேன்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை லைன் அறுந்துபோகாமல் நின்றது. அன்றைக்கு உன் அக்கா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். நான் நம்பரைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், லைன் கட்டாகவில்லை. திடீரென்று கண்ணாடி நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. வெளியிலிருந்து ஒருத்தர் உள்ளே வரப் பார்க்கிறார், விடலாமா, வேண்டாமா என்று இங்கிலீஷில் கேட்டது. நான் உற்றுப் பார்த்தேன். பேர் இல்லை. போட்டோ இல்லை. எந்தக் கம்பெனி, எந்த டிபார்ட்மென்ட், ஒன்றும் இல்லை. வெறும் நம்பர். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் ஒரு பூனையைக்கூட விட்டவன் இல்லை நான். பெரிய பெரிய ஆபீசர்களையே வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று அமுக்கினேன். பெட்டி போய்விட்டு மறுபடி வந்தது. வேண்டாம். மூன்றாம் தடவையும் வந்தது. ராஸ்கல், யாரிடம் விளையாடுகிறாய் என்று அடித்து அமுக்கிவிட்டுப் பெருமையோடு பூத்துக்கு ஓடி வந்தேன். "மச்சான், எவனோ ஒருத்தன் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள பூரப் பாத்தான். மூணு வாட்டி வந்தான், மூணு வாட்டியும் தொரத்திட்டேன்" என்றேன். நீ மெதுவாக, "மாமா, அது நான்தான் மாமா" என்றாய்.

அன்றைக்கு நீ கோபித்துக்கொள்ளாமல் இருந்ததற்கு நன்றி. உன் அக்கா அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து விஷயம் கேட்டதும் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "நம்ம ராயப்பர் சேவல் கூவுறதுக்குள்ள ஆண்டவரையே தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னாரு. நீ என் தம்பிய மூணு வாட்டி வெளிய அனுப்பிக்கீற. அவுருக்காவது சேவல் கூவுச்சு, ஒனக்கு அதுவும் கூவல" என்றாள். தெருவில் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தால் கொக்கரக்கோ என்கிறார்கள். ஜீனத் கூடத்தான்.

இனிமேல்தான் முக்கிய விஷயம். போன வெள்ளிக்கிழமை நம்பரோடு கிளம்பினேன், வாசல் தாண்டுவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது. வேறு செருப்புக்காகத் திரும்பி வந்தேன். அடுப்படியில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். சமைத்துக்கொண்டே உன்னோடு பேச வசதியாக இருக்கட்டும் என்று அடுப்படிச் சுவரில் நீயே ஒரு இரண்டாவது போன் மாட்டிக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை, அதுதான் தொல்லை. அந்த ரிசீவரைக் காதோடு வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, உன் அக்கா மோடம் இரைச்சலோடு பேசிக்கொண்டிருக்கிறாள். "சாப்ட்டியா கண்ணு? ஜூடிய எதிர்காத்துல நிக்க வெக்காத, பச்ச ஒடம்பு. பாப்பா ராவுல தூங்குதா? பேசுடா ஃப்ரெடி. கர்ருன்னு சத்தம் மட்டும் வருது, ஒன் பேச்சு வரல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே லைனில் இரண்டு போன். இவள் ரிசீவரை எடுத்த நொடியில் இன்டர்நெட் அறுந்துபோகிறது. அத்தனை வாரம் உப்புக் காற்றில்லை, லாரியில்லை, இவள்தான்! "அடியே, கட் பண்றவளே நீதானா?" என்று கத்தினேன். அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. "லைன்ல தம்பி வரான், லைன்ல தம்பி வரான்னு நீதான சொல்லிகினு கீற? மோடம் கத்தி ஓய்ஞ்சா அவன் வந்துட்டான்னு நெனச்சேன். முன்னல்லாம் வெள்ளிக்கெழமன்னா வூட்டுக்குப் போன் போடுவான், எங்கூடப் பேசுவான். இப்ப ஜீனத் கடைக்குப் போடுறான், நீ ஓடிப் போயி நம்பரு சொல்லிட்டு வர்ற. எங்கொரலு அவனுக்குக் கேக்குமேன்னு எடுத்தேன். அது ஒரு தப்பாய்யா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன் மச்சான். சிரித்தது மட்டுமில்லாமல், இரைச்சலிடம் சாப்ட்டியா என்று கேட்கிறவளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று ஜீனத்திடம் சொன்னேன், சிலுவையம்மாளிடம் சொன்னேன், கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னேன். அவளுக்குப் பொல்லாத கோபம். மீன் குழம்பில் உப்பு போடுவதில்லை. கேட்டால், "ஆடிக் காத்துல வருதே, அத்த அள்ளிப் போட்டுக்க" என்கிறாள்.

ஆனால் உப்பில்லாக் குழம்பைத் தின்றுகொண்டே யோசித்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் அம்மா போனபோது நீ பால்பல் விழாத பையன், இந்த வீட்டுக்கு என் பெண்டாட்டி வந்தபோது அவள் கொண்டுவந்த சீர் நீ ஒருத்தன்தான். அவள் கேட்பது பெரிய விஷயமில்லை. உன் குரல் கேட்க வேண்டும், உன் மகள் முகம் பார்க்க வேண்டும். ஆகவே, நீ இனிமேல் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டாம். நான் அதைத் துணி போட்டு மூடிவிட்டேன். அங்கேயிருந்து யாராவது ஊருக்கு வந்தால் படத்தைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை காலை பழையபடி வீட்டுக்குப் போன் போடு, அக்காவோடு பேசு. நம்பர் ஒன்றும் வேண்டாம். இது என் முடிவு, இதில் மாற்றம் இல்லை.

ஜூடிக்கு எங்கள் ஆசீர். ஆன்சியின் நெற்றிக்கு ஒரு முத்தம், மற்ற இடங்களுக்குப் பார்த்த பிறகு தருகிறோம். மோட்ச வாசல் காக்கிற ராயப்பர் சாவிக் கொத்தோடு உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
செல்வநாதன்

பின்குறிப்பு: இன்று வெள்ளி மத்தியானம். ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே நான் எழுதின முடிவை அடித்துவிடு. இந்தக் கடிதம் கைக்கு வராமல் நீ எப்படியும் பூத்துக்குத்தான் போன் போடுவாய் என்று காலையில் உன் அக்கா கோயில் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்கு நான் போறேன். நீ வூட்ல குந்து. போனத் தொட ஆளில்லன்னா கட்டாவாதில்ல?" என்றாள். துணியை எடுத்துவிட்டு டயல் பண்ணினேன். நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அந்த முழங்காலோடு நடந்து போனாள். அவள் உன்னோடு என்ன பேசினாள் என்று உனக்குத்தான் தெரியும். நம்பரைச் சொல்லிவிட்டு ரிசீவரை விடவேயில்லை, அழுகையும் சிரிப்புமாக நின்றாள் என்று ஜீனத் சொன்னாள்.

இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, கேள். பெட்டி வந்தது. பேர் இல்லை, போட்டோ இல்லை, பாஸ் இல்லை. "வாடா உள்ள" என்று அமுக்கினேன். நான் மவுஸைத் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை, அம்புக்குறி தானாக நகர்ந்தது. மெதுவாக, நீ நடக்கிற மாதிரியே, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீ வீட்டுக்குள் வந்துவிட்டாய். அறையில் யாரும் இல்லாததால் சொல்கிறேன், அந்த அம்புக்குறியைப் பார்த்து வாய்விட்டு, "சாப்ட்டியாடா ஃப்ரெடி?" என்று கேட்டேன். அது பாட்டுக்குப் போய்ப் படத்தைத் திறந்தது. குல்லா, முடி, நெற்றி. நிற்கவில்லை. எண்ணெய்ச் சிலுவைக்குக் கீழே புருவம் வந்தது. அப்புறம் இரண்டு கண்ணும் வந்தன. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, இதை இப்பவே பிலோமியிடம் சொல்ல வேண்டும் என்று கை பறந்தது. பக்கத்திலிருந்த போனை எடுத்து ஜீனத் நம்பரைச் சுழற்றப் போனேன்.

கட். இந்தத் தடவை நான்தான்.

உன் அக்கா திரும்பி வந்தபோது ரிசீவர் என் கையிலேயே இருந்தது. பார்த்தாள். "இன்னாய்யா, அந்தப் பக்கம் யார்னா பேசுனாங்களா?" என்றாள். நான் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன். அப்புறம்தான் கம்ப்யூட்டர் கண்ணாடியைப் பார்த்தாள், கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "நெத்தி எங்கம்மாது. கண்ணு யாருதுன்னு தெர்லியே" என்றாள். தன் கண்ணைத் தனக்கே தெரியவில்லை, மச்சான். ஆணியில் மாட்டியிருந்த என் ஷேவிங் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அதில் பார்த்தாள், ஆன்சியைப் பார்த்தாள், மறுபடி அதில் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கவும் விட மாட்டேன் என்கிறாள். மத்தியானச் சாப்பாடு ஜீனத் வீட்டிலிருந்து வந்தது, உப்பெல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த வெள்ளி இரண்டு போனையும் ஒயரோடு கழற்றி ஜீனத்திடம் ஒப்படைத்துவிடுகிறேன், என் கை உட்பட யார் கையையும் நம்புவதற்கில்லை. மூக்கும் வாயும் பாக்கி இருக்கின்றன. நீ வந்து தட்டு, பாஸ் கேட்க மாட்டேன்.